பாதி பிரித்த மிட்டாய்

ஜூன் 9, ஞாயிறு

நாளை பள்ளி திறக்கிறது. போன வருடம் மிஞ்சிய மாணவர் டைரிகளைக் கட்டி ஓரமாக வைக்கச் சொன்னார்கள். ஒன்றை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். கிழமைகள் பொருந்தாது. அடித்துத் திருத்திக்கொள்ளலாம்.

முதல் பக்கத்தில் விவரம் நிரப்பக் கட்டங்கள் இருக்கின்றன. மாணவர் பெயர்: முத்துச்செல்வி. தந்தை பெயர்: வெயில்முத்து. தந்தையின் தொழில் என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. நான் ஆபீஸ் கிளார்க்காக இருக்கும் அதே பள்ளியில்தான் அப்பா நாலாம் நம்பர் வேன் ஓட்டுகிறார். எல்லோருக்கும் தெரிந்ததுதான். இருந்தும் அந்தக் கட்டத்தை அப்படியே விட்டுவிட்டேன்.

எங்கள் வீட்டில் காலேஜ் படித்தவள் நான் ஒருத்திதான். அதனால் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிற எதுவும் என் பொறுப்பு. நேற்று அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். சர்க்கரை 286. டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டி எழுதினார். காலையில், சாப்பாட்டுக்கு முன் என்று சொல்லிவிட்டு, ஏதாவது கேட்க வேண்டுமா என்று என்னைப் பார்த்துக் கேட்டார். கேட்க இருந்தது. வரிசையில் நிற்பவர்கள் எல்லோரும் என் முதுகையே பார்ப்பதுபோல இருந்தது. இல்லை என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். வெளியே வந்த பிறகு கதவு வரைக்கும் இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும் உள்ளே வேறு யாரோ இருந்தார்கள்.

சமையலறைச் சுவரில் ஒரு தாள் எழுதி ஒட்டியிருக்கிறேன். காலை ஐந்தரைக்கு மாத்திரை. சர்க்கரை இல்லாத டீ. பழைய சோறு இனி கிடையாது. அதற்குப் பதில் இரண்டு இட்லி. இனிப்பு எந்த உருவத்திலும் கூடாது. இந்தக் கடைசி வரி மட்டும் சிவப்பு மையில்.

அப்பா தாளை ஒவ்வொரு வரியாக வாசித்தார். "கலெக்டர் உத்தரவு போட்டாச்சு பேச்சி. இனி அப்பீலே கிடையாது" என்று அம்மாவிடம் சொன்னார்.

ஜூன் 10, திங்கள்

ஐந்தரைக்கு எழுந்து என் கையால் மாத்திரை கொடுத்தேன். ஆறேகாலுக்கு அப்பா வேனை எடுத்தார். இட்லி வேக நேரமாகும் என்பதால் அம்மா டிபன் பாக்ஸில் போட்டுக் கொடுத்தாள். முன்பெல்லாம் கிளம்புவதற்கு முன் பழைய சோற்றைக் கரைத்துக் குடித்துவிட்டுத்தான் போவார். வண்டி ஓட்டுகிற மனுசன் வெறும் வயிற்றோடா போவார் என்று அம்மா முனகினாள். சாப்பாட்டுக்கு முன் என்றுதான் டாக்டர் சீட்டில் போட்டிருக்கிறது என்று சொன்னேன். அதற்குமேல் அவள் பேசவில்லை. நான் படித்தவள்.

கடைசிப் பிள்ளையை இறக்கி, வேனைக் கழுவி, அப்பா டிபன் பாக்ஸைத் திறக்கும்போது ஆபீஸ் கடிகாரத்தில் ஒன்பதேகால். என் ஜன்னலிலிருந்து தெரிகிறது.

ஜூன் 14, வெள்ளி

எங்கள் பள்ளியில் பிறந்தநாள் கொண்டாடுகிற பிள்ளை வகுப்புக்கு மிட்டாய் கொடுக்கும். அதற்கு முன்னால், காலையில் ஏறும்போதே, வேன் டிரைவருக்கும் ஆயாவுக்கும் ஒவ்வொன்று கொடுத்துவிடும். இந்த வாரம் அப்பாவுக்கு மூன்று. காக்கிச் சட்டைப் பையில் போட்டு சாயங்காலம் என்னிடம் கொண்டுவந்து நீட்டினார். "எண்ணிப் பாத்துக்க தாயி. ஒண்ணுகூட வாயில போடல."

எனக்கு இருபத்து மூன்று வயது. மிட்டாயை வாங்கி ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு மூடிவைத்தேன்.

ஜூன் 19, புதன்

அப்பாவுக்கு வெறும் வயிற்றில் சர்க்கரை 112. லேப்காரர் இரண்டாம் முறை பார்த்துச் சொன்னார். நான் போட்ட தாள்தான். இன்று சந்தோஷத்தில் எனக்குத் தூக்கம் வராது.

ஜூன் 27, வியாழன்

வேன் ஆயா குருவம்மாக்கா ஆபீஸுக்கு வந்து மெதுவாகச் சொன்னார். செவல்பட்டிக்கு ரோடு பிரியும் விலக்கில் இரண்டு பிள்ளைகள் நிற்க, அப்பா நிறுத்தாமல் போய்விட்டாராம். அண்ணே அண்ணே என்று அக்கா கத்தியும் திரும்பவில்லை. பிறகு நிறுத்தி, கத்தியதற்கு அக்காவையே ஏசியிருக்கிறார். சட்டை முதுகோடு ஒட்டி நனைந்திருந்ததாம்.

"உங்கப்பா என்னைய ஒரு வார்த்த அதட்டினது கிடையாது செல்வி. அதான் சொல்லுதேன். வேற ஒண்ணுமில்லல்ல?"

வேற ஒண்ணு என்றால் என்ன என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். நான் இல்லக்கா என்றேன்.

இதை எழுதாமல் விட்டால் டைரி எழுதுவதில் அர்த்தமில்லை. அப்பா முன்பு குடிப்பார். நான் காலேஜ் கடைசி வருடம் படிக்கும்போது ஆண்டு விழாவுக்குக் குடித்துவிட்டு வந்து, கேட்டில் என் பெயரைச் சொல்லிச் சத்தம் போட்டார். நான் பாத்ரூமில் போய் நின்றுகொண்டேன். மறுநாள் அவராகவே கோயிலுக்குப் போய் பூசாரி கையால் கயிறு கட்டிக்கொண்டார். கயிறு கையில் இருக்கும்வரை தொடமாட்டேன் என்பது சத்தியம். ஒரு வருடத்துக்குத்தான் கட்டினார். அது முடிந்ததும் மறுபடி கட்டினார். இப்போது மூன்றாவது கயிறு, மஞ்சள் போய்க் கறுத்துவிட்டது.

சாயங்காலம் அவர் உள்ளே வரும்போது பக்கத்தில் போய் நின்றேன். டீசல் வாசனை மட்டும்தான். அவர் நின்று என்னைப் பார்த்தார். எதற்காக வந்து நிற்கிறேன் என்று தெரிந்துகொண்டது போலிருந்தது.

ஜூலை 4, வியாழன்

ஆசிரியர்களுக்குச் சம்பளச் சீட்டு அடித்தேன். பிரிண்டர் இரண்டு முறை நின்றது.

காலையில் வேன் ஸ்டார்ட் ஆக அரை மணி நேரம் தாமதம். அதற்குள் அப்பா மறுபடி வீட்டுக்குள் வந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. விரல்கள் நடுங்கின. டீயில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை போடும்மா, உள்ளே என்னவோ போலிருக்கிறது என்றார். குடியை விட்டவர்களுக்கு இனிப்பு மேல் ஆசை வரும் என்று போனில் எப்போதோ படித்திருக்கிறேன். கேட்கக் கேட்கக் கொடுத்தால் பழகிவிடும். சுவரில் இருந்த சிவப்பு வரியைக் காட்டினேன்.

"சத்தியம் பண்ணுங்க அப்பா, வெளியிலயும் சாப்பிட மாட்டேன்னு."

 கயிறு கட்டியிருந்த கையைத் தூக்கிக் காட்டினார். "இதோட அதையும் சேத்துக்க" என்றார். அம்மா வெந்த இட்லியைத் தட்டில் வைத்தாள். சாப்பிட்டபின் சரியாகிவிட்டார்.

ஆசைதான். நான் கண்டிப்பாக இருந்தது நல்லது.

ஜூலை 11, வியாழன்

சுருக்கமாக எழுதுகிறேன். காலை எட்டு மணிக்குச் செவல்பட்டி விலக்கு தாண்டி வேன் ரோட்டை விட்டு இறங்கிக் கருவேலஞ்செடியில் முட்டி நின்றது. உள்ளே பதினேழு பிள்ளைகள். யாருக்கும் அடியில்லை. அப்பா ஸ்டியரிங்கில் சாய்ந்து கிடந்திருக்கிறார். கூப்பிட்டால் குழறினாராம். இறக்க வந்த அரிசிக்கடை தனசேகரைக் கையால் தள்ளிவிட்டிருக்கிறார். தனசேகரின் பையன் அந்த வேனில் வருகிறவன். காலையிலேயே ஊற்றிக்கொண்டு வந்திருக்கிறான் என்று சொல்லி அவர் வீடியோ எடுத்தார். டீக்கடை அம்மா சர்க்கரை தூக்கலாக டீ போட்டுக் கொடுத்தாராம். கால் மணி நேரத்தில் அப்பா எழுந்து உட்கார்ந்து, பிள்ளைகள் எங்கே என்று கேட்டிருக்கிறார்.

"டீ உள்ள போனதும் போதை தெளிஞ்சிருச்சு பாருங்க" என்று தனசேகர் பிரின்சிபால் மேடத்திடம் சொன்னார்.

மேடம் என்னை உள்ளே கூப்பிட்டுக் கேட்டார். பதில் சொன்னேன். அப்பா வேன் சாவியை மேஜையில் வைத்துவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனார்.

ஜூலை 12, வெள்ளி

மாத்திரை கொடுத்தேன். வாங்கிப் போட்டுக்கொண்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

அம்மா தட்டில் கற்பூரம் ஏற்றி அப்பா முன்னால் வைத்தாள். குடிக்கவில்லை என்றால் அணைத்துச் சத்தியம் பண்ணுங்கள் என்றாள். அப்பா அசையவில்லை.

"புள்ளையே சொல்லிட்டா. பெறகு கற்பூரம் என்னத்துக்கு?"

அது எரிந்து தானாக அணைகிற வரைக்கும் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். சாப்பாடு சரியாக இறங்கவில்லை அவருக்கு. ஒரு இட்லியைப் பிய்த்துப் பிய்த்து வைத்துவிட்டு எழுந்துவிடுகிறார்.

ஜூலை 18, வியாழன், ஆஸ்பத்திரி

காலையில் மாத்திரை போட்டுக்கொண்டு, பிறகு சாப்பிடுகிறேன் என்று சுவரைப் பார்த்துப் படுத்தார். நான் எட்டு மணிக்குப் பள்ளிக்குப் போய்விட்டேன். பத்து மணிக்கு அம்மா போன். எழுப்பினால் எழவில்லை, பாய் எல்லாம் நனைந்து கிடக்கிறது என்றாள். ஆட்டோவில் தூக்கிவந்தோம்.

விரல் நுனியில் குத்திப் பார்த்தார்கள். 34. ஏறியிருக்கும் என்றுதான் நினைத்தேன். 334 என்பதைத் தப்பாகப் பார்க்கிறார்களோ என்றுகூட நினைத்தேன். எஸ்தர் என்கிற சிஸ்டர் ஓடிவந்து நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார். ஊசி போட மணிக்கட்டில் இடம் வேண்டும் என்று கத்தரிக்கோலால் கயிற்றை நறுக்கிக் கீழே போட்டார். நான் குனிந்து எடுத்துக்கொண்டேன்.

சில நிமிடங்களில் அப்பா கண் திறந்தார். என்னையோ அம்மாவையோ பார்க்கவில்லை. கையைத்தான் பார்த்தார்.

"கயிறு எங்க?"

இருக்குப்பா, எங்கிட்ட இருக்கு என்றேன்.

சிஸ்டர் என்னைத் தனியாக உட்காரவைத்துக் கேட்டார். மாத்திரை எத்தனை மணிக்கு. ஐந்தரை. சாப்பாடு எத்தனை மணிக்கு. வேலை நாளில் ஒன்பதேகால். எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினார்.

"சாப்பாட்டுக்கு முன்னாடின்னா மூணே முக்கால் மணி நேரமா? இந்த மாத்திரை போட்டா அரை மணிக்குள்ள தட்டுல கை வைக்கணும். மாத்திரை சர்க்கரையை இறக்கிக்கிட்டே இருக்கும். வயித்துல ஒண்ணும் இல்லைன்னா எங்க போய் நிக்கும்?"

பிறகு கேட்டார். இதற்கு முன் வியர்த்துக் கொட்டியதா. கை நடுங்கியதா. சட்டென்று கோபப்பட்டாரா. கூப்பிடுவது காதில் விழாத மாதிரி இருந்தாரா. பேச்சு குழறியதா. இனிப்பு வேண்டும் என்று கேட்டாரா. ஒவ்வொன்றுக்கும் ஆமாம் என்றேன். ஒவ்வொன்றுக்கும் இந்த டைரியில் ஒரு தேதி இருக்கிறது.

"நல்லவேளை வீட்டுல இருந்தாரு. ரோட்டுலன்னா குடிச்சிட்டுக் கெடக்கான்னு தாண்டிப் போயிருவாங்க."

அவர் பொதுவாகத்தான் சொன்னார். நான் டிரிப் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாத்திரையின் வேகம் உடம்பில் இருக்கிறவரை மறுபடியும் இறங்கலாம் என்பதால் நாளை வரை வைத்திருக்கச் சொல்லிவிட்டார்கள். ஒரு மணிக்கொரு தடவை பரிசோதிக்கிறார்கள். பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஜூலை 19, வெள்ளி

மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். அந்தக் காக்கிச் சட்டை பதினோராம் தேதியிலிருந்து ஆணியில் தொங்குகிறது. துவைத்துப் போடலாம் என்று பையைத் துழாவினேன். இரண்டு மிட்டாய். ஒன்றில் தாள் பாதி பிரிந்திருந்தது. எறும்பு மொய்த்துக் காய்ந்துபோயிருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போய் அப்பாவிடம் காட்டினேன். பாதி பிரிந்ததைக் கையில் வாங்கிக்கொண்டார்.

"அன்னைக்கு ரெண்டு பிள்ளைகளுக்குப் பிறந்தநாளு. கண்ணு மங்கிக்கிட்டு வந்துச்சு. இத வாயில போட்டா நிக்கும்னு தோணுச்சு. பிரிக்கக்கூட ஆரம்பிச்சேன்." பிறகு சொன்னார்: "உனக்கு வாக்குக் குடுத்திருந்தேன்லம்மா."

அதற்குள் வேன் இறங்கிவிட்டது.

பதினோராம் தேதி நான் எழுதாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். மேடம் கேட்டது: உன் அப்பா குடிப்பாரா? நான் சொன்னது: முன்னாடி குடிப்பாங்க மேடம். இன்றைக்குக் குடித்திருக்கிறாரா என்று கேட்டார். தெரியல மேடம் என்றேன். எனக்குத் தெரியும். ஐந்தரைக்கு மாத்திரை கொடுத்தவள் நான். ஆறேகாலுக்கு அவர் வேன் ஏறுவதைப் பார்த்தவள் நான். அதன்பிறகு குருவம்மாக்கா கூடவே இருந்தார். ஆபீஸில் அப்பா பக்கத்தில் நின்றபோதும் ஒரு வாசனையும் இல்லை. தெரிந்தும், காலேஜ் கேட்டில் குடித்துவிட்டு நின்ற அந்த அப்பாதான் என் கண்ணுக்குத் தெரிந்தார். இவரோடு சேர்த்து என்னையும் பார்க்கிறார்களே என்று இருந்தது. தெரியல என்றால் என்னைத் தனியாக விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். அப்பா கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டார்.

இன்னொன்றும் இருக்கிறது. பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் அன்று போன அறிவிப்பு. "மது அருந்திய நிலையில் பணிக்கு வந்த நான்காம் எண் வேன் ஓட்டுநர் பணியிலிருந்து நீக்கப்பட்டார்." மேடம் சொல்லச் சொல்ல அதை டைப் அடித்தது நான். முடித்தபின் ஒருமுறை வாசித்துப் பிழை பார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன்.

ஜூலை 20, சனி

வீட்டுக்கு வந்துவிட்டோம். வருவதற்கு முன் டாக்டரைப் பார்த்தேன். கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன். ஒவ்வொன்றாக வாசித்துக் கேட்டேன். டாக்டர் காத்திருந்து எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். பின்னால் வரிசை நீளமாகத்தான் இருந்தது. யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. போன மாதமும் இவ்வளவுதான் செய்திருக்க வேண்டும்.

மாத்திரை பாதியாகக் குறைந்திருக்கிறது. தட்டில் சாப்பாடு வந்தபிறகுதான் மாத்திரை. சாப்பிட முடியாத நாளில் போடாமல் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து கேட்க வேண்டும். வியர்த்தாலோ நடுங்கினாலோ மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே குடித்துவிட வேண்டும். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் இன்னொரு தடவை. தெளிந்ததும் ஏதாவது சாப்பிட வேண்டும். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். சட்டைப் பையில் எப்போதும் குளுக்கோஸோ மிட்டாயோ இருக்க வேண்டும் என்று எஸ்தர் சிஸ்டர் சொன்னபோது அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

பழைய தாளைச் சுவரிலிருந்து கிழித்தேன். சுண்ணாம்பும் சேர்ந்து உரிந்து வந்தது.

ஜூலை 22, திங்கள்

ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்துக்கொண்டு மேடம் அறைக்குப் போனேன். அப்பா அன்று குடிக்கவில்லை, அது சர்க்கரை இறங்கியது, நான் சொன்னது பொய் என்று சொன்னேன். மேடம் சீட்டைப் பொறுமையாக வாசித்தார். வருத்தப்பட்டார். ஆனால் இனி பிள்ளைகள் வண்டியை அவரிடம் கொடுக்க முடியாது என்றார். அது நியாயம்தான். சர்க்கரை நிலைப்படும்வரை வண்டி வேண்டாம் என்று டாக்டரும் சொல்லியிருக்கிறார்.

"வேலை வேணாம் மேடம். இன்னொரு அறிவிப்பு போடணும்."

எல்லோரும் மறந்துபோனதை எதற்குக் கிளற வேண்டும் என்று கேட்டார். அப்பா மறக்கவில்லை மேடம் என்றேன். வரும் சனிக்கிழமை பெற்றோர் கூட்டம், நீயே பேசு என்றார். நான் பேசமாட்டேன் என்று நினைத்திருப்பார்.

ஜூலை 27, சனி

பேசினேன். மைக் என் வாயிலிருந்து தள்ளி இருந்தது. முன்னால் வா என்று யாரோ சொன்னார்கள். நாலாம் நம்பர் வேன் டிரைவர் வெயில்முத்து என் அப்பா என்று தொடங்கினேன். அறிவிப்பை டைப் அடித்தவள் நான்தான் என்றும் சொன்னேன். பாதிப் பேர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு அம்மா, குடிச்சாலும் சர்க்கரைன்னாலும் கவுத்திருந்தா எங்க பிள்ளதானம்மா போயிருக்கும் என்றார். 

முடிந்தபிறகு தனசேகர் வந்தார். வீடியோவை என் முன்னாலேயே அழித்தார்.

"நான் எத்தனை பேருக்கு அனுப்பினேனோ, அவங்க எத்தனை பேருக்கு அனுப்பினாங்களோ தெரியலம்மா" என்றார். பொய் சொல்லாமல் சொன்னார். அதற்காக அவர்மேல் கோபம் வரவில்லை.

வீட்டுக்கு வந்து இந்த டைரியின் முதல் பக்கத்தைத் திறந்து, காலியாக விட்ட கட்டத்தில் 'வேன் டிரைவர்' என்று எழுதினேன். இப்போது அது உண்மையில்லை. அப்பா பஸ் ஸ்டாண்டு பக்கம் சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுக்கப் போகிறார்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

அறுந்த கயிறு என் பர்ஸில் இருக்கிறது. புதுசு கட்ட கோயிலுக்குப் போகலாமா அப்பா என்று கேட்டேன். பார்ப்போம் என்றார். குடிக்கிற எண்ணம் இல்லை அவருக்கு. யாருக்குக் காட்டக் கட்டுவது என்று நினைக்கிறாரோ என்னவோ.

அவர் பேசாமல் இல்லை. டோக்கன் வாங்க வருகிறவர்களைப் பற்றிச் சொல்கிறார், அம்மாவைக் கேலி செய்கிறார். கலெக்டர் என்று மட்டும் இப்போது என்னைக் கூப்பிடுவதில்லை.

இன்று மதியம் அம்மா கடைக்குப் போயிருந்தாள். சோறு வடிக்கத் தாமதமாகிவிட்டது. நான் கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். சமையலறையில் டப்பா திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. எட்டிப் பார்த்தேன். அப்பா ஒரு கையில் தண்ணீர்த் தம்ளரும் இன்னொரு கையில் ஸ்பூனுமாக நின்றுகொண்டிருந்தார். ஸ்பூனில் சர்க்கரை. கை நடுக்கத்தில் அது மேடையெல்லாம் சிந்திக்கொண்டிருந்தது. மேல் உதட்டில் வியர்வை. எவ்வளவு நேரமாக அப்படி நின்றார் என்று தெரியவில்லை. நேர் எதிரே சுவரில் என் புதிய தாள் இருக்கிறது. அதில் முதல் வரியே, யாரையும் கேட்க வேண்டாம், உடனே போட்டுக் குடிக்கவும் என்பதுதான்.

என்னைப் பார்த்ததும் ஸ்பூனைத் தம்ளருக்கு மேலே கொண்டுபோய் நிறுத்தினார்.

"போட்டுக்கிடட்டுமாம்மா?" என்று கேட்டார்.